பூச்சிகளின் விருந்தும் புழுவின் பசியும்

குழந்தைகளுக்கென ஆக்கப்படும் நூல்களை இலக்கிய வரலாற்றாசிரியர் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றனர். அவற்றுள்ளும், எழுத்தறியாப் பருவத்துப் பிள்ளைக்கு வண்டையும் ஈயையும் புழுவையும் காட்டும் சித்திர நூல்களைப் பற்றி ஆராயப் புகுந்தால், 'இதுவும் ஒரு பொருளா?' என வினவுவோரே பலராவர். ஆயின், ஒரு சமுதாயம் தன் மிக இளைய உறுப்பினனுக்கு உலகத்தின் மிகச் சிறிய உயிரை எவ்வாறு அறிமுகஞ் செய்துவைக்கின்றது என்பது அற்பமான வினாவன்று. உழைப்பவன் யார், உண்பவன் யார், அஞ்சத்தக்கவன் யார், நசுக்கத்தக்கவன் யார் என்னும் பாடங்களைக் குழந்தை முதன்முதலாகக் கற்பது பல வேளைகளில் ஓர் எறும்பின் படத்திலிருந்தேயாகும்.

குழந்தைக்கான சித்திர நூல் என நாம் கொள்ளத்தக்கவற்றுள் முந்தியது, கொமேனியஸ் என்னும் மொறேவிய நாட்டுக் கல்வியாளர் 1658இல் நியூரம்பேர்க் நகரில் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டுஸ்' என்பதாகும். முப்பதாண்டுப் போரினால் நாடிழந்து அகதியாய் அலைந்தவர் அவர். பொருளைக் காட்டாது சொல்லை மட்டும் பிரம்பினாற் புகட்டும் பள்ளிக்கூடங்களை வெறுத்தவர். நூற்றைம்பது அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் ஒவ்வொரு சித்திரத்திலும் பொருள்களுக்கு எண்ணிட்டு, அருகே இலத்தீனிலும் ஜேர்மன் மொழியிலும் அவற்றின் பெயர்களைப் பொறித்தார். பறக்கும் பூச்சிகளுக்கும் அதில் ஓர் அதிகாரம் உண்டு. தேனீயும் குளவியும் ஈயும் சில்வண்டும் மின்மினியும் அங்கே தத்தம் தொழிலோடு நிற்கின்றன. வண்ணத்துப்பூச்சியைச் சிறகு முளைத்த புழுவென்றே அவர் கூறினார். கொமேனியஸ் இட்ட இலத்தீன் தலைப்பு வெறுமனே 'பறக்கும் பூச்சிகள்' என்பதே. ஓராண்டின் பின் நூலை ஆங்கிலமாக்கிய சார்ள்ஸ் ஹூல் அதனைப் 'பறக்கும் பீடைகள்' எனப் பொருள்படுமாறு பெயர்த்தார். பார் என்று ஒருவர் காட்டியதைப் பகை என்று மற்றவர் கற்பித்தார். மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல் எத்துணை வேலை செய்கின்றது!

பூச்சியைப் பீடையெனக் கருதாது அதன் வாழ்வைப் பொறுமையோடு நோக்கியவர்களுள் தலையாயவர் ஒரு பெண். பிராங்பர்ட்டில் 1647இற் பிறந்த மரியா சிபில்லா மேரியன், பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்து அதன் மாற்றங்களைக் குறித்துவைத்தார். 1679இல் வெளிவந்த அவரது புழு நூல் குழந்தைகளுக்காக எழுதப்பட்டதன்று. எனினும், பிற்காலக் குழந்தை நூல்களின் அமைப்பு முழுவதும் அதற்குக் கடன்பட்டிருக்கின்றது. முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுயிர் ஆகிய நான்கையும், அப்புழு தின்னும் செடியையும் ஒரே பக்கத்தில் ஒருங்கே வரைந்தவர் அவர். தனித்தனிப் பூச்சிகளை ஊசியிற் குத்திக் காட்டிய காலத்தில், உயிரை அதன் உணவோடும் காலத்தோடும் சேர்த்துக் காட்டியது பெரும் புரட்சியேயாகும். 1699இல் தம் மகளோடு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சூரினாம் சென்றார். அது ஒல்லாந்தரின் கரும்புத் தோட்ட நாடு. 1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவரது பெருநூலில், நம் வீட்டு முற்றங்களிலும் பூக்கும் மயிற்கொன்றையின் படம் உண்டு. அடிமைப் பெண்கள் தம் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறத்தலை விரும்பாது அதன் விதையாற் கருவைக் கலைத்தனர் என அவர்களே தமக்குக் கூறியதாக அப்படத்தின் அருகே மேரியன் எழுதிவைத்தார். புழுவைப் பார்க்கச் சென்ற கண் அருகில் நின்ற மனிதரையும் பார்த்தது.

பின்வந்த நூற்றாண்டிலே குழந்தைக்கான பூச்சி பெரும்பாலும் உபதேசியாயிற்று. 1715இல் ஐசாக் வாட்ஸ் என்னும் சமயப் பாவலர் குழந்தைகளுக்கென இயற்றிய பாடல்களுள் தேனீயின் சுறுசுறுப்பைப் போற்றும் பாடலொன்று ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆங்கிலப் பிள்ளைகளின் நாவில் நின்றது. தேனீயைப் போல் ஓயாது உழை என்னும் அறிவுரை, பின்னர் பஞ்சாலைகளிற் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்ற பிள்ளைகளின் காதில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை. தேனீ சேர்த்த தேனை எடுத்துச் செல்பவன் எவன் என அப்பாடல் வினவுவதில்லை. லூயிஸ் கரோல் 1865இல் அதனைக் கேலிசெய்து, உழைக்கும் தேனீ இருந்த இடத்தில் வாய் பிளந்து மீன்களை வரவேற்கும் முதலையை வைத்தார். நகைச்சுவைக்காகவே செய்தாரெனினும், கைத்தொழிற் சமுதாயத்தின் உண்மைக்கு அம்முதலை மிக நெருங்கி நின்றது.

இவ்வுபதேச மரபை முதலில் உடைத்த நூலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். லிவர்பூல் நகரின் வில்லியம் றொஸ்கோ 1753இற் பிறந்தவர். தந்தை மதுக்கடையோடு காய்கறித் தோட்டமும் வைத்திருந்தார். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு, உருளைக்கிழங்கைத் தலையிற் சுமந்து சந்தைக்குச் சென்ற பிள்ளை, தாமே கற்று வழக்கறிஞராகி, இத்தாலிய வரலாற்றறிஞராகவும் வங்கியாளராகவும் உயர்ந்தார். அன்றைய லிவர்பூல் அடிமை வர்த்தகத்தாற் கொழுத்த துறைமுகம். அந்நகரிலிருந்துகொண்டே 1777ஆம் ஆண்டுக் கவிதையொன்றிலும், பின்னர் 1787இல் ஆபிரிக்காவுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைப் பற்றிய நெடும்பாட்டிலும் அவ்வர்த்தகத்தைக் கண்டித்தார். 1806இன் இறுதியில் அதே நகரத்தார் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

அந்த நவம்பர் மாதத்தில், தம் இளைய மகன் றொபேட்டுக்காக அவர் இயற்றிய சிறு பாடலொன்று சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. வண்ணத்துப்பூச்சி நடனமும் வெட்டுக்கிளி விருந்தும் வைக்க, வண்டும் எறும்பும் தும்பியும் குளவியும் தேனீயும் கூடுகின்றன. காளான் மேசையாகின்றது, நீர்ச்செடியின் இலை விரிப்பாகின்றது, சிலந்தி கயிற்றின்மேல் நடந்து வித்தை காட்டுகின்றது, நத்தை நடனமாட முயன்று நகைப்புக்கிடமாகின்றது. இருண்டதும் மின்மினி விளக்கேந்தி வழிகாட்ட யாவரும் வீடு திரும்புகின்றனர். கதை அவ்வளவே. ஒழுக்கப் பாடம் எதுவும் இல்லை. எறும்பு எவரையும் சோம்பேறி என ஏசவில்லை, வெட்டுக்கிளி பட்டினியால் மடியவுமில்லை. ஈசாப் காலத்திலிருந்து எறும்பின் வாசலிற் பிச்சை கேட்டு நின்ற வெட்டுக்கிளி, இங்கே விருந்து வைப்பவனாக எழுந்து நிற்கின்றது. விருந்தின் இனிப்பாகத் தேனீ தன் தேனைக் கொணர்கின்றது. அடிமைகளின் கையால் விளைந்த சர்க்கரையை வாங்கோம் என 1791இல் ஆங்கிலக் குடும்பங்கள் பல விலக்கிவைத்ததை அறிந்தோர், இத்தேனுக்கு வேறு பொருளும் காண விரும்பலாம். றொஸ்கோ அவ்வாறு எண்ணினார் என நாம் சாதிக்கவில்லை. பாட்டுக்கு அப்பாரம் வேண்டியதுமில்லை.

1807 ஜனவரியில் ஜோன் ஹாரிஸ் என்னும் லண்டன் பதிப்பாளர், வில்லியம் மல்ரெடியின் சித்திரங்களோடு அதனைச் சிறு நூலாக்கினார். முதற் பதிப்பின் சித்திரங்கள் விசித்திரமானவை. மனித உருவங்களே நிற்க, பூச்சிகள் அவர்தம் தலைமீதும் முதுகின்மீதும் ஏறியிருந்தன. அடுத்த ஆண்டுப் பதிப்பிற் பூச்சிகளே பூச்சிகளாக வரையப்பட்டன. இந்நூலும் இதனைத் தொடர்ந்து வந்த மயிலின் விருந்து பற்றிய நூலும் ஓராண்டுக்குள் நாற்பதினாயிரம் பிரதிகள் விற்றதாகப் பதிப்பாளர் கூறினார். அதே பெப்ரவரியில் றொஸ்கோ அடிமை வர்த்தக ஒழிப்பு மசோதாவை ஆதரித்து வாக்களித்தார். மே மாதம் லிவர்பூல் திரும்பியபோது, அவ்வர்த்தகத்திற் பிழைத்த மாலுமிகள் உள்ளிட்ட கூட்டம் தடிகளோடு அவரது ஊர்வலத்தைத் தாக்கியது. அவர் மறுமுறை பாராளுமன்றம் செல்லவில்லை. வண்ணத்துப்பூச்சிப் பாட்டை நினைவுகூரும் நூல்கள் பல, அந்தத் தடிகளைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்நூலின் வண்ணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்ணமில்லாப் பிரதி ஒரு ஷில்லிங், வண்ணந் தீட்டியது ஒன்றரை ஷில்லிங் என விற்ற காலம் அது. அச்சிலே வண்ணம் ஏற்றும் முறை பரவாத அந்நாட்களில் குழந்தை நூல்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டது. அவ்வேலையைப் பெரும்பாலும் செய்தோரும் குழந்தைகளே. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு பிள்ளை சிவப்பை மட்டும் பூசி அடுத்ததற்குத் தள்ள, அது நீலத்தைப் பூசி மற்றொன்றுக்குத் தள்ளும். ஒரு வீட்டுப் பிள்ளையின் களிப்புக்கு வேறொரு வீட்டுப் பிள்ளையின் விரல்கள் உழைத்த வரலாறு, அந்நூல்களின் முகப்பில் எழுதப்படவில்லை.

நடுவிலே கழிந்த நூறாண்டைப் பற்றி இங்கு அதிகம் கூறவேண்டியதில்லை. அச்சுத் தொழில் வளர்ந்தது, வண்ணப்படம் மலிந்தது, சிறகு ஒட்டிய குழந்தைகளைப் பூச்சியென வரையும் பழக்கமும் மலிந்தது. ஜேர்மனியில் வால்டெமர் பொன்ஸெல்ஸ் 1912இல் எழுதிய 'மாயா' என்னும் தேனீக் கதை, கூட்டை விட்டோடிய இளந்தேனீ பகைக்குளவிகளின் படையெடுப்பை அறிவித்து மீண்டும் அரசியின் சேவைக்குத் திரும்புவதில் முடிகின்றது. இரண்டாண்டுகளில் மகாயுத்தம் மூண்டபோது போர்முனை வீரர்கள் அதனை விரும்பி வாசித்ததில் வியப்பில்லை.

நம் வாசகர்கள் பலரும் ஆவலோடு எதிர்பார்க்கும் சோவியத் நாட்டுக்கு வருவோம். கொர்னேய் சுக்கோவ்ஸ்கி 1882இற் பிறந்தவர். தாய் ஏழை உழைப்பாளி. மணவாது பிறந்த பிள்ளை என்ற பழியும் இருந்தது. தாழ்ந்த குலத்தார் என ஒதெஸா நகரின் உயர்பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவர். 1923இல் அவரது 'கரப்பான்' கதை வெளிவந்தது. மீசையுடைய கரப்பான் பூச்சியொன்று யானையையும் சிங்கத்தையும் முதலையையும் மிரட்டி, உங்கள் குஞ்சுகளை எனக்கு உணவாகத் தாருங்கள் என ஆணையிடுகின்றது. காடு முழுவதும் நடுங்கிப் பணிகின்றது. எங்கிருந்தோ வந்த சிட்டுக்குருவி ஒரே கொத்தில் அதனை விழுங்குகின்றது. அடுத்த ஆண்டு வந்தது ஈயின் திருமணம். வயலிற் காசொன்றைக் கண்டெடுத்த ஈ, சந்தையிலே சமோவார் வாங்கித் தேநீர் விருந்து வைக்கின்றது. சிலந்தி வந்து அவளை இழுத்துச் செல்லுகையில், அவளது தேநீரைக் குடித்த வண்டுகளும் கரப்பான்களும் ஆசனங்களின் கீழ் ஒளிந்துகொள்கின்றன. சின்னஞ்சிறு நுளம்பொன்று விளக்கும் வாளும் ஏந்தி வந்து அவளைக் காக்கின்றது. உண்டவர் ஒளிவதும் எளியவன் எழுவதுமாகிய இக்காட்சியை விளக்க விரிவுரை வேண்டுமா? ஐந்து வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டே அதனைப் புரிந்துகொள்கின்றது.

ஆயினும் அக்கதைகள் எதிர்ப்பைச் சந்தித்தன. எதிர்த்தோர் பிற்போக்காளர் அல்லர், நம் அணியினரே. பெயர்நாள் கொண்டாட்டம் பூர்ஷ்வா வழக்கமாம். நோய் பரப்பும் ஈயின்மேல் இரக்கம் ஊட்டுவது சுகாதாரப் பிரசாரத்துக்கு மாறானதாம். 1928 பெப்ரவரி முதலாந் திகதி, லெனினின் துணைவியாரும் கல்வித் துறையின் தலைவர்களுள் ஒருவருமான குரூப்ஸ்காயா, சுக்கோவ்ஸ்கியின் 'முதலை' என்னும் கதையைப் 'பிராவ்தா'விற் கடுமையாகச் சாடினார். மாக்ஸிம் கோர்க்கி அடுத்த மாதமே அதே பத்திரிகையில் மறுப்பு எழுதினார். எனினும் நெருக்குதல் ஓயவில்லை. 1929இன் இறுதியிலே தம் பழைய கதைகளைக் கைவிடுவதாகச் சுக்கோவ்ஸ்கி பகிரங்கமாக எழுதவேண்டியதாயிற்று. புதுவழியில் எழுதுவதாக அவர் வாக்களித்த நூல் எழுதப்படவேயில்லை.

இவ்விடயத்தை மூடி மறைத்துச் செல்லுதல் முற்போக்கு இலக்கியத்துக்குச் செய்யும் தொண்டாகாது என்பது நம் கருத்து. குரூப்ஸ்காயா அம்மையார் எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்களுக்குக் கல்வியைக் கொண்டுசென்ற பெருந்தகை. அவருடைய கவலை நேர்மையானது. பஞ்சமும் கொள்ளைநோயும் கடந்துவந்த நாட்டில், நூலின் ஒவ்வொரு தாளும் பயன்பட வேண்டும் என எண்ணுதல் இயல்பு. தவறு, பயன் என்பதைக் குறுகிய கணக்காற் கணித்ததில் இருந்தது. ஈயும் நுளம்பும் மணம் புரியா என்பது குழந்தைக்கு நன்றாகத் தெரியும். தலைகீழாக்கிப் பார்ப்பதனாலேயே குழந்தை உலகின் ஒழுங்கை உறுதிப்படுத்திக்கொள்கின்றது எனச் சுக்கோவ்ஸ்கி தம் 'இரண்டிலிருந்து ஐந்துவரை' என்னும் நூலிலே பல்லாண்டுக் குறிப்புக்களைக் கொண்டு நிறுவினார். பிற்காலத்தில் மீசைக் கரப்பானை ஸ்டாலின் என வாசித்தோர் உளர். கவிஞர் மந்தெல்ஸ்தாம் 1933இல் ஸ்டாலினைச் சாடி எழுதிய கவிதையில் அம்மீசை வருவது உண்மையே. ஆனால் கதை எழுதப்பட்ட காலத்தில் ஸ்டாலின் இன்னும் அந்நிலையை எய்தவில்லை. குழந்தைக்கு எழுதிய கதை சர்வாதிகாரத்தின் பொது இயல்பைப் பிடித்துக்கொண்டது, ஆட்கள் பின்னர் வந்து அதற்குட் பொருந்தினர் எனக் கொள்ளுதலே பொருத்தமாகும். கண்டனங்களைத் தாண்டி அந்நூல்கள் இலட்சக்கணக்கில் அச்சாகின. மொஸ்கோவிலே தமிழில் அச்சிடப்பட்ட சிறுவர் நூல்கள் மலிந்த விலையில் நம் நாட்டுக்கும் வந்தன. 1991இல் சோவியத் ஒன்றியத்தோடு அவ்வரவும் நின்றது. அத்தகைய விலையில் வண்ணச் சித்திர நூல் நம் பிள்ளைகளுக்குப் பின்னர் கிட்டவில்லை.

பாசிசத்திடமிருந்து தப்பியோர் இருவர் அமெரிக்காவில் இக்கலையைப் புதுப்பித்தனர். இத்தாலியின் இனச்சட்டங்களால் 1939இல் வெளியேறிய லியோ லியோனி, 1960இல் 'அங்குலம் அங்குலமாக' என்னும் நூலை ஆக்கினார். பறவை தன்னை விழுங்க வருகையில், 'நான் அளக்க வல்லேன்' எனக் கூறி அதன் வாலை அளந்து பிழைக்கின்றது ஒரு சிறு அளவுப்புழு. இறுதியில் தன் பாட்டை அள, இல்லையேல் உன்னைத் தின்பேன் என்கின்றது நைட்டிங்கேல் என்னும் பாடும் பறவை. புழு அளந்து அளந்தே கண்காணாத் தொலைவுக்குச் சென்றுவிடுகின்றது. வலியவனின் கட்டளையை நிறைவேற்றுவதுபோற் காட்டித் தப்பும் கலையை ஒடுக்கப்பட்டோர் அறிவர்.

மற்றவர் எரிக் கார்ல். 1929இல் நியூயோர்க் மாநிலத்திற் பிறந்து, ஆறு வயதிற் பெற்றோரோடு ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். தந்தை அவரைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, கல்லைப் புரட்டியும் மரப்பட்டையை நீக்கியும் அடியில் வாழும் சிற்றுயிர்களைக் காட்டுவார். பார்த்து முடிந்ததும் அவ்வுயிரை அதன் இடத்திலேயே பத்திரமாக வைத்துவிடுவார். யுத்தம் தந்தையைக் கொண்டுசென்றது. சிறைக்கைதியாயிருந்து 1947இலேயே அவர் நொறுங்கிய மனிதராய்த் திரும்பினார். மகனோ பதினைந்து வயதிற் போரரணில் அகழி தோண்டச் சென்றான். நாஸிகள் விலக்கிய பிக்காஸோ, கிளே முதலியோரின் ஓவியப் பிரதிகளைத் தம் வீட்டில் இரகசியமாகக் காட்டிய ஓர் ஓவிய ஆசிரியரும் அவனுக்கு வாய்த்தார். ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் அவரை எண்ணிப் பார்த்தல் தகும். அந்த ஒரு பிற்பகலுக்காக அவர் தம் உயிரையே பணயம் வைத்தார்.

1952இல் அமெரிக்கா திரும்பிய கார்ல், 1969இல் 'மிகப் பசித்த புழு'வை வெளியிட்டார். தாள்களில் துளையிடுகையில் தோன்றிய எண்ணம் அது. முதலில் நாயகன் வேறொரு புழுவாகவே இருந்தான். அவனைச் சிறகு முளைக்கும் புழுவாக்கலாம் எனக் கூறியவர் பதிப்பாசிரியர் ஆன் பெனெடூஸ் அம்மையார். வெவ்வேறு அளவுப் பக்கங்களையும் துளைகளையும் கட்டுப்படியாகும் செலவில் அச்சிட அமெரிக்க அச்சகம் கிடைக்காமையால் நூல் ஜப்பானில் அச்சாயிற்று. திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என வளர்ந்து, சனியன்று கேக்கும் ஐஸ்கிரீமும் பாலாடைக்கட்டியும் தின்று வயிற்றுவலியால் வாடும் அப்புழு, மறுநாள் ஒரு பச்சை இலையைத் தின்று குணமடைகின்றது. அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் சென்றுள்ளன. கார்ல் 2021இற் காலமானார்.

விஞ்ஞான ஆசிரியர்கள் அந்நூலிற் பிழை காண்பர். வண்ணத்துப்பூச்சி பட்டுநூற் கூடு பின்னுவதில்லை. அது விட்டிலினத்தின் வேலை. புழு கண்ட பழத்தையெல்லாம் தின்பதுமில்லை. மேரியன் 1679இலேயே ஒவ்வொரு புழுவுக்கும் உரிய இலையை வரைந்து காட்டினாரே! பிழையைச் சுட்டத்தான் வேண்டும். ஆனால் பசியைக் குற்றமாக்காத நூல் அது. பெருந்தீனி தின்ற புழுவைத் தண்டிக்காது, இலையொன்றைக் கொடுத்து வளரவிடுகின்றது. பட்டினி கண்ட தலைமுறையிலிருந்து வந்தவரின் கை அதில் தெரிகின்றது.

கார்ல் தம் தந்தையோடு திரிந்த அந்நாட்டிலேயே, அறுபத்துமூன்று பாதுகாக்கப்பட்ட இடங்களிற் பொறிவைத்து நிறுத்த ஆய்வாளர், பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை இருபத்தேழு ஆண்டுகளில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் வீழ்ந்துவிட்டதென 2017இல் அறிவித்தனர். இனிவரும் பிள்ளை கல்லைப் புரட்டினால் அடியில் என்ன இருக்கும் என்பது இப்போது கற்பனை வினாவன்று.

நம் நாட்டிலோ இவ்வினா வேறு முகம் கொள்கின்றது. 1934-35இல் நுளம்பினாற் பரவிய மலேரியா ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைப் பறித்தபோது, கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுசென்ற சூரியமல் இயக்கத்தாரின் பணி இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் முதல் வரலாறாகும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடெனச் சான்றளித்தது. இங்கே பூச்சியை நண்பனெனச் சொல்லிவிடுதல் எளிதன்று. யாழ்ப்பாணத்துச் சிறுவன் தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுகின்றான், பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைக்கின்றான். மலைநாட்டுப் பிள்ளை குளவியை அறிவது வேறுவகையில். கொழுந்து பறிக்கச் சென்ற தாய் குளவி கொட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட செய்தி, தோட்டங்களில் ஆண்டுதோறும் கேட்கும் செய்தி. அப்பிள்ளைக்குக் குளவியை வரைந்து காட்டப் புகும் ஓவியன், அது கூடு கட்டும் மரத்தையும் அதன் வீட்டு ஒழுங்கையும் எதனாற் சீறுகின்றது என்பதையும் வரையவேண்டும். அம்மரத்தின் கீழ் கூடையோடு நிற்பவளையும், கூடு இருப்பதை அறிந்தும் அவளை அந்த மலைக்கு அனுப்பியவரையும் அதே பக்கத்தில் வரையவேண்டும்.